பி0420: கன்வர்ட்டரை மாற்றச் சொன்ன காரில் கன்வர்ட்டர் நன்றாகவே இருந்தது

செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோடு (கோளாறுக் குறியீடு) வந்துவிட்டால், பல பட்டறைகளில் அடுத்த பேச்சு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் விலையைப் பற்றித்தான். 2025 கோடையில் கடலூரில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காருக்கும் வேறொரு இடத்தில் அப்படி விலை சொல்லியிருந்தார்கள். அந்தக் காரில் கன்வர்ட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு அதற்குப் பின்னால் இருந்த ஒரு கேஸ்கெட்டிலும் துருப்பிடித்த ஸ்பிரிங் போல்ட்டுகளிலும் இருந்தது. கடற்கரையோரம் ஓடும் பழைய பெட்ரோல் கார்களில் இந்தக் கதை திரும்பவும் வரும் என்பதால், பார்த்ததை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

கார் 2014 மாடல், பி.எஸ். 4, 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓடியது 86,000 கி.மீ. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வீடு ஆல்பேட்டைப் பக்கம். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் குட்டிக் குட்டி ஓட்டம், வாரம் ஒருமுறை புதுச்சேரியில் இருக்கும் மகள் வீடு. அவ்வளவுதான் அந்தக் காரின் வேலை. சர்வீஸ் எதையும் தவறவிட்டதில்லை, பில்களைக்கூட ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார்.

கோளாறு தொடங்குவதற்கு முன் நடந்த ஒரே பெரிய விஷயம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை பெருகிக் கரையோரத் தெருக்களில் புகுந்தது. வீட்டு வாசலில் நின்றிருந்த இந்தக் காருக்குச் சக்கரத்தில் பாதி உயரம் தண்ணீர். என்ஜினுக்குள் போகவில்லை, உள்ளே தரைவிரிப்பு மட்டும் ஈரம். வடிந்த பிறகு பிரேக், வீல் பேரிங், கியர் ஆயில் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். சைலன்சர் பைப்பை யாரும் பார்க்கவில்லை. அது நின்று போகிற சாமான் இல்லையே.

ஏப்ரலில் விளக்கு எரிந்தது. முதலில் காட்டிய இடத்தில் பிழைக் கோடை அழித்துக் கொடுத்தார்கள். சில நாளில் திரும்ப வந்தது. இரண்டாவது தடவை, கன்வர்ட்டர் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை, காரை விற்றால் கிடைக்கும் பணத்தில் கிட்டத்தட்ட கால்வாசி.

ஆசிரியர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி வேறு. "தம்பி, நான் எப்பவும் பாண்டியிலதான் பெட்ரோல் போடறேன். அதனாலயா?"

கடலூரில் இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு உண்டு. எல்லை தாண்டினால் விலை குறைவு என்பதால் பாதி ஊர் அங்கேதான் டேங்கை நிரப்புகிறது. விலை குறைவது வரி வித்தியாசத்தால். வண்டியில் விழுவது அதே எண்ணெய் நிறுவனங்களின் அதே பெட்ரோல். கன்வர்ட்டரை நேரடியாகக் கொல்லும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே நாடு முழுக்க நின்றுவிட்டது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலவைக்கு வருவோம். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று போதும். எத்தனால் கலவையில் அது சுமார் 13.5 ஆகக் குறைகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசிஎம் அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஃபியூவல் டிரிம், அதாவது ஈசிஎம் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு, சில சதவீதம் மேலே நிற்கும். பி0420 வர அது காரணமாகாது. "சார், பெட்ரோலை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

பிழைக் கோடை அழிப்பதற்கு முன்

முதலில் செய்ய வேண்டியது, எதையும் அழிக்காமல் இருப்பது. அழித்தால் கோடு மட்டும் போகாது. கோடு விழுந்த நொடியில் கார் எந்த நிலையில் இருந்தது என்று ஈசிஎம் பிடித்து வைத்த ஃப்ரீஸ் ஃபிரேம், உள்சோதனைகளின் கடைசி அளவுகள், எந்தெந்தச் சோதனை முடிந்தது என்ற குறிப்பு, எல்லாமே சேர்ந்து போய்விடும். இந்தியாவில் 2013 ஏப்ரலில் ஓபிடி 2 (கார் தன் கோளாறுகளைத் தானே கண்காணிக்கும் முறை) கட்டாயமானதிலிருந்து இந்தத் தகவல்கள் கிடைக்கின்றன. பிழைக் கோடைப் படித்தவுடன் அழிக்கிறவர் கையில் இருந்த பாதித் தடயத்தைத் தானே துடைத்துவிடுகிறார்.

இந்தக் காரின் ஃப்ரீஸ் ஃபிரேமில் இருந்தது: வேகம் 48 கி.மீ., என்ஜின் 1,700 ஆர்பிஎம், லோடு குறைவு, கூலன்ட் 89 டிகிரி, லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 4 சதவீதம். நன்றாகச் சூடான என்ஜின், மெதுவான சீரான ஓட்டம், எரிபொருள் அளவில் குழப்பம் இல்லை. மோட் 6 என்னும் உள்சோதனைப் பட்டியலில் கன்வர்ட்டருக்கான அளவு 0.79, வரம்பு 0.75. கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. (இந்த எண்ணின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில கார்களில் கூடினால் கோளாறு, சிலவற்றில் குறைந்தால் கோளாறு. பக்கத்தில் இருக்கும் வரம்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.) மிஸ்ஃபயர் (எரிபொருள் எரியாமல் தவறுவது) கணக்கு நாலு சிலிண்டரிலும் பூஜ்யம். வேறு கோடு எதுவும் இல்லை.

பி0420 சொல்வது, முதல் வரிசை சிலிண்டர்களின் கன்வர்ட்டர் அமைப்பின் திறன் வரம்புக்குக் கீழே தெரிகிறது என்பதுதான். 'தெரிகிறது' என்பதை அழுத்திச் சொல்கிறேன். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரோகார்பனையோ அளக்கும் கருவி எதுவும் காரில் கிடையாது. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. இரண்டின் வோல்டேஜையும் ஒப்பிட்டு ஈசிஎம் ஒரு முடிவுக்கு வருகிறது. பின் சென்சாருக்குத் தப்பான காற்று காட்டப்பட்டால் முடிவும் தப்பாகத்தான் இருக்கும்.

இரண்டு சென்சாரும் சொன்னது

கன்வர்ட்டரின் உள்ளே இருப்பது தேனடை போன்ற பீங்கான் கட்டை. அதன் மேல் அலுமினா பூச்சு, பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்கள், கூடவே சீரியம் ஆக்சைடு. விலை உயர்ந்த உலோகங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கோளாறு பார்க்கிறவருக்கு முக்கியம் இந்தச் சீரியம். வீராணம் ஏரி மழையில் வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் விடுவதுபோல, புகையில் ஆக்சிஜன் கூடும்போது சீரியம் பிடித்து வைத்துக்கொள்கிறது, குறையும்போது விடுகிறது. முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கும். அது சரியான நடத்தை. அந்த ஆட்டத்தைச் சீரியம் விழுங்கிவிடுவதால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். சீரியம் செத்தால் முன்னால் நடக்கும் ஆட்டம் அப்படியே பின்னாலும் தெரியும்.

லைவ் டேட்டாவில் இரண்டு சென்சாரின் வரைகோடுகளையும் ஒரே திரையில் போட்டுப் பார்த்தோம். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) முன் சென்சார் ஒழுங்காக ஆடியது. பின் சென்சார் 0.65 அளவில் நிற்கும், திடீரென்று 0.1-க்கு விழும், எழும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி விழும். முதல் பார்வைக்குக் கன்வர்ட்டர் போன கார் மாதிரியே இருக்கும். முன்பு பார்த்த பட்டறையில் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் உற்றுப் பார்த்தால் இரண்டு விஷயம் பொருந்தவில்லை. ஒன்று, பின் சென்சார் விழுவதற்கும் முன் சென்சார் ஆடுவதற்கும் தாளம் சேரவில்லை. செத்த கன்வர்ட்டரில் முன்னது மேலே போனால் சற்று நேரத்தில் பின்னதும் மேலே போகும், இறங்கினால் இறங்கும். இங்கே பின்னது தன் போக்கில் விழுந்தது. அதுவும் எப்போதும் கீழ்ப்பக்கமாக மட்டும், 0.8, 0.9 என்று மேலே ஏறவே இல்லை. கீழே விழுவது என்றால் கூடுதல் ஆக்சிஜன். இரண்டாவது விஷயம் இன்னும் தெளிவானது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது பின் சென்சார் 0.68-இல் அசையாமல் நின்றுவிட்டது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். களைத்துப்போன கன்வர்ட்டருக்குப் புகை அதிகமாக வந்தால் நிலைமை மோசமாகும். சேமிக்கும் சக்தி குறைந்த கட்டைக்குள் அதிகக் காற்று வேகமாகப் பாய்ந்தால் சமாளிக்காது. இந்தக் காரில் நேர்மாறு. புகை அதிகமானபோது சரியாகிறது, குறைந்தபோது தடுமாறுகிறது. அப்படி நடந்துகொள்வது ஓட்டை. என்ஜினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை, சிலிண்டருக்குச் சிலிண்டர் துடித்துத் துடித்து வருகிறது. ஐடிலில் இரண்டு துடிப்புக்கு நடுவே பைப்புக்குள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்தக் கணத்தில் பைப்பில் எங்காவது இடைவெளி இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். சென்சார் அதைப் பார்த்து "ஆக்சிஜன் இருக்கிறது" என்று சொல்கிறது, பொய் சொல்லவில்லை. வேகம் கூடினால் பைப்புக்குள் அழுத்தம் உயர்ந்து, புகை வெளியே மட்டும் கசியும், காற்று உள்ளே வராது.

ஓட்டை எந்தப் பக்கம் என்பதற்கும் டேட்டாவிலேயே விடை இருந்தது. முன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் ஈசிஎம் ஏமாந்து எரிபொருளைக் கூட்டும், ஐடிலில் டிரிம் 10 சதவீதத்தைத் தாண்டும். இங்கே ஐடிலில் 5, ஓட்டத்தில் 4. எத்தனால் கலவைக்கே அது சரியாகப் போய்விடும். ஆகவே கசிவு கன்வர்ட்டருக்குப் பின்னால், பின் சென்சாரை ஒட்டி.

பின் சென்சாரையும் சும்மா விடவில்லை. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தபோது 0.85-க்கு ஏறியது. காலை எடுத்ததும், எரிபொருள் நிற்கும் அந்த இடைவெளியில், தாமதமில்லாமல் 0.05-க்கு இறங்கியது. சோம்பேறிச் சென்சார் இவ்வளவு வேகமாக ஏறி இறங்காது. வெள்ளத்தில் நின்ற கார் என்பதால் அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். பின்களில் பச்சை பிடிக்கவில்லை, ரப்பர் சீல் நன்றாக இருந்தது.

கன்வர்ட்டரின் முன்னும் பின்னும் வெப்பமானியைக் காட்டி, பின்பக்கம் சூடு கூடவில்லை என்றால் கட்டை செத்தது என்று தீர்ப்பு சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. பழைய கார்பரேட்டர் வண்டிகளில் அதற்குக் கொஞ்சம் பொருள் இருந்தது. இப்போதைய என்ஜின்களில் எரிவதற்கு மிஞ்சி வருவதே கொஞ்சம், வித்தியாசமும் சொற்பம். நான் அதை நம்பி ஒரு சாமானையும் மாற்றச் சொல்ல மாட்டேன். புகைச் சோதனை மையத்து அளவு அதைவிடப் பயன்பட்டது: ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.04 சதவீதம், ஹைட்ரோகார்பன் 38 பிபிஎம். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். அரைகுறைக் கன்வர்ட்டரும் ஐடிலில் தப்பிவிடலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மற்றதோடு சேர்த்துப் பார்க்கும்போது பொருந்தியது, அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தது

என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் கசிவு தேட வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்து சிறு இடைவெளிகள் மூடிக்கொள்ளும். வேக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாற்றி, சைலன்சர் வாயில் துணி சுற்றிச் சொருகி, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தெளித்தோம். மேனிஃபோல்டு பக்கம் ஒன்றும் இல்லை. சென்சார் மரை ஒன்றும் இல்லை. பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) தாங்கியது. கன்வர்ட்டரும் அதற்குப் பின்னால் தொடங்கும் முன்பைப்பும் போல்ட்டால் சேரும் விளிம்பான ஃபிளேஞ்சில், கீழ்ப்பக்கம், நுரை பொங்கி வழிந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பின் சென்சார்.

ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் உள்ளே காய்ந்த வண்டல் உதிர்ந்தது, தென்பெண்ணைத் தண்ணீர் விட்டுப்போன மெல்லிய சாம்பல் நிற மண். அது ஃபிளேஞ்சைச் சுற்றி ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். அந்த ஜாயின்ட் உருண்டை முகம் கொண்டது. நடுவில் வளையம்போல ஒரு கேஸ்கெட், இரு பக்கமும் ஸ்பிரிங் போல்ட். என்ஜின் குலுங்கும்போது ஜாயின்ட் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது, அதற்குத்தான் ஸ்பிரிங். இங்கே ஒரு ஸ்பிரிங் துருவில் இறுகி ஒற்றைக் கட்டியாகிவிட்டது, இன்னொன்றில் ஒரு சுற்று உடைந்திருந்தது. போல்ட்டின் நடுப்பகுதி தேய்ந்து பென்சில் அளவுக்கு வந்துவிட்டது. வளையத்தின் கீழ்ப் பகுதி கரைந்து, உள்ளிருந்த கம்பி வலை தெரிந்தது. அந்த இடத்திலிருந்து கரி விசிறிபோலப் படிந்திருந்தது.

கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். சூடான கட்டை திடீரென்று தண்ணீரில் நனைந்தால் பீங்கான் விரிசல் விடும். அப்படி உடைந்திருந்தால் உள்ளே கடகடவென்று ஆடும். சத்தம் இல்லை. ஜாயின்ட் பிரிந்திருக்கும்போதே விளக்கடித்து உள்ளே பார்த்தோம், தேனடை முழுசாக, உருகாமல், எண்ணெய்க் கறை இல்லாமல் இருந்தது.

போல்ட்டுகளுக்குத் துரு இளக்கி அடித்து இரவு முழுக்க ஊறவிட்டும் ஒன்று முறிந்துதான் வந்தது. டிரில் போட்டு எடுத்தோம். ஃபிளேஞ்ச் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது வளையம், புது ஸ்பிரிங் போல்ட் ஜோடி. சாமான் செலவு சில நூறு ரூபாய். கூலி அதைவிடக் கூட. சிலர் இந்த ஜாயின்ட்டில் சாதாரண சிலிக்கான் கம் பூசிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலிருந்து வரும் சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கும்.

ஸ்டார்ட் செய்து சூடானதும் ஐடிலில் பின் சென்சார் 0.66-இல் நின்றது. விழவில்லை. அதற்குப் பிறகுதான் பிழைக் கோடை அழித்தோம். அழித்த கையோடு சாவியைக் கொடுக்க முடியாது. கன்வர்ட்டர் சோதனையை ஈசிஎம் நினைத்தபோது நடத்தாது. என்ஜின் சூடாகி, குறைந்த லோடில், ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். மஞ்சக்குப்பத்துச் சிக்னல்களுக்குள் சுற்றினால் அது நடக்கவே நடக்காது. முதல் பட்டறையில் அழித்த பிறகு சில நாள் விளக்கு வராமல் இருந்ததற்கும் இதுவே காரணம்: ஆசிரியர் அடுத்தடுத்துப் புதுச்சேரி போய் வந்த பிறகுதான் எரிந்தது. தொடர்ந்து இரண்டு ஓட்டத்தில் சோதனை தோற்றால்தான் விளக்கு எரியும்.

ஆகவே புதுச்சேரிச் சாலையில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு போனோம். கன்னியக்கோவில் தாண்டி, கிருமாம்பாக்கம் வரை 50-க்கும் 60-க்கும் இடையில் காலை ஆட்டாமல் ஓட்டினால் தவளக்குப்பம் வருவதற்குள் சோதனை முடிந்தது என்று காட்டியது. மோட் 6 அளவு 0.31. மறுநாள் காலை ஆறிய என்ஜினோடு அதே சாலையில் இன்னொரு முறை, 0.33. வரம்பு அதே 0.75.

கோளாறைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்டார். பல கார்களில் ஈசிஎம் பின் சென்சாரை வைத்தும் கலவையைச் சற்றே திருத்தும். அது எப்போதும் "ஆக்சிஜன் அதிகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் கலவை மெல்ல மெல்லச் செழிப்பாகும், அதாவது பெட்ரோல் கூடும். மைலேஜ் குறையும், மிஞ்சிய எரிபொருள் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைக் கூடுதலாகச் சூடாக்கும். சும்மா இருந்த கன்வர்ட்டர் அப்போது நிஜமாகவே கெட்டுப்போக வழி உண்டு.

நிஜமாகவே கன்வர்ட்டர் போன கார் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே கோடோடு புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்ஸி வந்தது. அதில் பின் சென்சார் முன் சென்சாரின் நிழல்போல ஆடியது. ஐடிலிலும் ஆட்டம், 2,500-இல் இன்னும் அதிகம். கசிவு எங்கும் இல்லை. ஆயில் ஸ்டிக்கைப் பார்த்தால் குறியே எட்டவில்லை; ஓட்டுநர் அடிக்கடி ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸ், ஆயில் எரியும்போது கன்வர்ட்டருக்குள் போய்ப் பூச்சின் மேல் படிந்து உலோகத் துகள்களை மூடிவிடும். அந்தக் காருக்குக் கன்வர்ட்டர் வேண்டும் என்று சொன்னோம். ஆனால் முதலில் வால்வு சீலும் ரிங்கும் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும் என்றும் சொன்னோம்.

அந்த ஓட்டுநரிடம் யாரோ இரண்டு குறுக்கு வழி சொல்லியிருந்தார்கள். பின் சென்சாருக்கு அடியில் ஒரு நீட்டுக்குழாய் வைத்து அதைப் புகையிலிருந்து தள்ளி வைப்பது. அல்லது உள்ளிருக்கும் தேனடையை இடித்துக் கொட்டிவிட்டுக் காலிக் கூட்டை மாட்டுவது. முதலாவது விளக்கை மட்டும் அணைக்கும். இரண்டாவதைச் செய்கிறவர்களுக்குக் கொட்டிய கட்டைக்குக் காயலான் கடையில் நல்ல காசு, பல்லேடியமும் ரோடியமும் உள்ளே இருப்பதால். வண்டிக்காரருக்கு மிஞ்சுவது 2,500 ஆர்பிஎம் புகைச் சோதனையில் தோல்வியும், பின்னால் ஸ்கூட்டரில் வருகிற குழந்தைகள் மூச்சில் சுத்திகரிக்கப்படாத புகையும். இதை எங்கள் பட்டறையில் செய்வதில்லை, யார் கேட்டாலும்.

ஆசிரியரின் கோப்பில் இப்போது ஒரு தாள் கூடியிருக்கிறது: தேதி, கி.மீ., மோட் 6 அளவு. ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். 0.5-ஐத் தாண்டத் தொடங்கினால் வந்து காட்ட வேண்டும். முன்பைப்பின் அடிப்பக்கத்தில் மேல்துரு இருக்கிறது, இன்னும் துளை விடவில்லை. ஐப்பசி மழைக்கு முன் லிஃப்டில் ஏற்றி, ஹீட் ஷீல்டுக்குள் மண் சேர்ந்திருந்தால் கழுவி, ஸ்பிரிங் போல்ட்டுகளைச் சோப்புத் தண்ணீர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.